பறங்கி வைத்த பேர்கள்

அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்ததும் முதலில் முகத்தில் அடிப்பது டீசல் வாடை. அது கொஞ்சம் அடங்கிய பிறகு கப்பல் சோப்பும் வெங்காயமும், எத்தனை முறை துவைத்தாலும் துணியை விட்டுப் போகாத தாளித்த எண்ணெயும் அடியிலிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வரும். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சட்டைகளை அள்ளிக் கொல்லைப் பக்கம் கொண்டுபோய் ஊறப்போடுவாள். நான் அதற்குள் ஒரு சட்டையை உருவிப் போர்த்திக்கொண்டு அப்பாவின் எதிரே உட்கார்ந்துவிடுவேன். பெட்டியில் எனக்கென்று இருந்த மிட்டாயையும் பென்சிலையும்விட, அவர் வாயில் எனக்கென்று சேர்த்துக்கொண்டு வந்திருக்கும் ஊர்ப்பேர்களுக்குத்தான் நான் காத்திருப்பேன்.

அப்பா வெளிநாட்டுக் கப்பலில் சமையல்காரர். கப்பல் பேச்சில் "பண்டாரி". யாங்கோனின் கிழக்கே தின்கன்ஜூனில், வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் சில்லறைக் கடைக்காரர்களும் குடியிருந்த தெருவொன்றில் எங்கள் பலகை வீடு இருந்தது. பர்மியர்கள் அதை "திம்போதா வீடு" என்பார்கள், கப்பல்காரன் வீடு என்று அர்த்தம். அப்பாவின் அப்பா இந்த ஊர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்த மூட்டைகள் எல்லாம் எங்கே போய் இறங்கின என்று பார்த்துவரத்தான் மகன் கிளம்பினார் என்று அம்மா பாதி பெருமையாகவும் பாதி சலிப்பாகவும் சொல்வாள். வருஷத்தில் பெரும்பகுதி அவர் கடலில்தான். மழை ஓய்ந்து வெயில் தெளிகிற சமயத்தில் ஒரு டாக்சி வாசலில் வந்து நிற்கும். டிரைவரும் அப்பாவுமாகப் பெட்டியை இறக்குவார்கள்.

அவருடைய கப்பலில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர் ஒரு கோவாக்காரர். போர்த்துகீசியம் வீட்டுப் பேச்சாகவே தெரிந்தவர். உருளைக்கிழங்கு உரிக்கிற நேரத்தில் அவர் சொல்லித்தான் அப்பாவுக்கு அந்த விஷயம் பிடிபட்டது: உலகத்தின் கடலோரம் முழுக்க எங்கெங்கோ இருக்கிற ஊர்களுக்குப் பறங்கிகள், அதாவது போர்த்துகீசியர்கள், பேர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அந்தப் பேர்களைத் தட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு சாதாரண வார்த்தை இருக்கிறது. அதிலிருந்து அப்பாவுக்கு அது ஒரு பைத்தியமாகிவிட்டது. போகிற துறைமுகத்துக்கெல்லாம் அர்த்தம் கேட்டு மனதில் முடிந்துகொண்டு வருவார். வீட்டுக்கு வந்ததும் அதுவே எங்கள் "ஊர்ப்பேர் ஆட்டம்": அவர் பேரைச் சொல்வார், நான் அர்த்தத்தை ஊகிக்க வேண்டும்.

"கேமரூன்னு ஒரு நாடு இருக்கு பாப்பா. என்ன அர்த்தம் சொல்லு?"

"கேமரா நெறய இருக்கிற நாடு."

"எறா! எறாலுன்னு அர்த்தம். பறங்கிக்காரன் கப்பல்ல போனப்ப அந்த ஆத்துல எறா அள்ளிக் கொட்டிக் கெடந்திருக்கு. எறா ஆறுன்னு பேர வச்சிட்டுப் போயிட்டான். அங்க இருந்த சனத்துக்கு அவங்க ஊருக்கு எறான்னு பேரு வச்சது தெரியவே தெரியாது."

எனக்குச் சிரிப்புத் தாங்காது. லாகோஸ் என்றால் ஏரிகள். ஃபார்மோசா என்றால் அழகி. நேட்டால் என்றால் கிறிஸ்துமஸ், அந்தக் கரையை அவர்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் கண்டார்களாம். ரியோ டி ஜெனிரோ என்றால் ஜனவரி நதி. "போய்ப் பாத்தா ஆறே இல்ல பாப்பா, கடல்தான் உள்ள வந்து வளஞ்சு நிக்குது. அவசரத்துல பேரு வச்சிருக்கானுங்க," என்பார் அப்பா. பச்சை முனை என்று பேர் வாங்கிய தீவுகளில் இறங்கினால் பச்சை என்று சொல்ல ஒரு புல் கிடையாது, வெறும் பாறை. எதிர்க்கரையில் இருந்த முனையின் பேரைத் தூக்கித் தீவுகளுக்கு வைத்துவிட்டார்கள். நம் டெல்டாவின் மேற்கு மூலையில், கப்பல்காரர்கள் எல்லோரும் பயப்படுகிற நெக்ரைஸ் முனை மட்டும் இதற்கு மாறு. நாகச்சுழி என்று பொருள்படுகிற பர்மியப் பேர் ஒன்று அதற்கு முன்பே இருந்ததாம். பறங்கி நாக்கில் அது அப்படித் திரும்பிவிட்டது என்று அந்தக் கோவாக்காரர் சொல்லியிருந்தார்.

இந்த ஆட்டத்தில் அவ்வப்போது சேர்ந்துகொள்பவர் காதர் மாமா. அப்பாவோடு அதே கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்தவர், வீடு யாங்கோன் நகரத்துக்குள் லத்தாவில். அவருடைய பாட்டனார் பரங்கிப்பேட்டையிலிருந்து கைலி வியாபாரத்துக்கு இங்கே வந்தவர். "எங்க ஊருக்கு என்ன அர்த்தம் சொல்லு பாப்பா பாக்கலாம்," என்பார். பறங்கிகள் அதற்கு வைத்த பேர் போர்ட்டோ நோவோ, புதுத் துறைமுகம். "புதுத் துறைமுகம்னு பேரு வச்சு நானூறு வருஷம் ஆகியிருக்கும். இன்னும் புதுசுதான்," என்று அவர் சொல்ல, அப்பா உரக்கச் சிரிப்பார்.

ஒரு தடவை அப்பா எங்களை ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினுக்குக் கூட்டிப்போனார். எங்கள் வீடுகளில் அதற்கு "சிரியம்" என்றுதான் பேர். அதுவும் பறங்கி வாய்பட்டுத் திரிந்த பேர்தான். அப்போது பாலம் கிடையாது, படகில்தான் போகவேண்டும். கரையில் இறங்கி, மேட்டில் ஏறி, கூரை போய்ச் சுவர் மட்டும் நின்ற ஒரு செங்கல் மாதாகோயிலைப் பார்த்தோம். சுவர் வெடிப்பில் ஆலங்கன்று முளைத்திருந்தது. பறங்கி கட்டியது என்று அங்கே எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் அவர்கள் போய் வெகு காலத்துக்குப் பிறகு இத்தாலியப் பாதிரியார்கள் கட்டியது என்று பெரியவளானபின் தெரிந்துகொண்டேன். ஒரு காலத்தில் இந்தத் துறையைப் பறங்கிகள் சில வருஷம் பிடித்து ஆண்டதையும், பர்மிய அரசன் படையோடு வந்து முறியடித்ததையும், மிச்சமிருந்தவர்களைக் குடும்பத்தோடு வடக்கே நடத்திக்கொண்டுபோய் வயல் கொடுத்துக் குடிவைத்ததையும் அப்பா சொன்னார். அவர்களுடைய வாரிசுகளைத்தான் பர்மியர் "பயிஞ்ஜி" என்கிறார்கள். நாம் பறங்கி என்பதும் அவர்கள் பயிஞ்ஜி என்பதும் ஒரே சொல்தான் என்று சொல்லி, அம்மா கட்டிவந்திருந்த தயிர்சாதத்தைச் சுவர் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார். நாங்கள் மூன்று பேருமாக எங்கேயாவது போனது என்று எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு பயணம்தான்.

அதற்கடுத்து அப்பா கப்பலேறிய வருஷம் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. ஒரு முற்பகலில், கப்பல் ஏஜெண்டு ஆபீஸிலிருந்து ஒரு பர்மிய குமாஸ்தா குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றார். நல்ல மனிதர், சொல்ல வந்ததைச் சொல்லமுடியாமல் குடையிலிருந்து சொட்டிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உங்க வீட்டுக்காரர் உடம்பு சரியில்லாம தவறிட்டாரும்மா. பெய்ராங்கிற ஊர்ல கரையிறக்கி ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. அங்கயே அடக்கமும் ஆயிடுச்சு," என்றார் பர்மிய மொழியில்.

அம்மா அழவில்லை. "அது எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"ஆப்பிரிக்காவுல."

"ஆப்பிரிக்காவுல எங்க?"

அவருக்குத் தெரியவில்லை. ஏதாவது உதவி என்றால் ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்தில் "சயாமா"விடம், எங்கள் வகுப்பு டீச்சரிடம், அனுமதி கேட்டுச் சுவரில் தொங்கிய உலகப் படத்தின் முன்னால் நாற்காலி போட்டு ஏறி நின்று தேடினேன். ஆப்பிரிக்கா முழுவதும் என் இரண்டு கைக்குள் அடங்குகிற அளவில்தான் இருந்தது. ஓரமெல்லாம் விரல்வைத்து வந்தேன். பெய்ரா இல்லை. சயாமா தானும் தேடிப் பார்த்துவிட்டு என் தலையில் கைவைத்தார். அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மாவின் முகம் அப்போதுதான் மாறியது. "படத்துலயே இல்லாத ஊருல எப்படி அடக்கம் பண்ணுவாங்க? கடல்ல தூக்கிப் போட்டிருப்பானுங்க. போட்டுட்டு, வாய்க்கு வந்த ஒரு பேரச் சொல்லி அனுப்பியிருக்கானுங்க," என்றாள். கப்பலில் செத்தால் சாக்கில் சுற்றி இரும்பைக் கட்டிக் கடலில் இறக்கிவிடுவார்கள் என்று கப்பல்காரர் மனைவிமார் எல்லோரும் கேள்விப்பட்டதுதான். அம்மாவின் தூக்கத்தை வருஷக்கணக்கில் கெடுத்த பயமும் அதுதான். அது நடந்துவிட்டது என்று ஒரு நேரமும், ஆளே சாகவில்லை என்று ஒரு நேரமும் மாறி மாறி நம்பினாள். நெற்றியில் பொட்டோடும் கழுத்தில் தாலியோடுமே இருந்தாள். காரியம் செய்யவேண்டும் என்று உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்து சொன்னார்கள். கோயில் பெரியவர்கள் ஆளனுப்பினார்கள். "இப்படியே வச்சிருந்தா போன ஆத்துமா அலையும்மா," என்றார் பெரியப்பா.

"அவரு போன ஊருக்கெல்லாம் அர்த்தம் சொல்லுவாரு," என்றாள் அம்மா. "இந்த ஊருக்கு என்ன அர்த்தம்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா நான் நம்புறேன், காரியம் பண்றேன்."

அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று போகும்போது பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் கேட்டது எனக்கு முழுக்கப் புரிந்தது.

எங்கள் தெருக்கோடியில் டோ மரியா என்ற தையற்காரம்மா இருந்தார். வடக்கே மூ ஆற்றுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர், பயிஞ்ஜி. முகம், நடை, பேச்சு எல்லாம் பர்மியர்தான், ஆனால் கண்கள் மட்டும் வெளிறிய தேன்நிறம். அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். தையல் மெஷினை நிறுத்திவிட்டு டோ மரியா எங்களுக்கு ஊறுகாய்த் தேயிலையும் வெறும் டீயும் எடுத்து வைத்தார்.

"நீங்க பறங்கி வம்சம். உங்க முன்னோர் பேசின பாஷையில பெய்ரான்னா என்ன?" என்று கேட்டாள் அம்மா.

டோ மரியா அந்தப் பேரை மெதுவாகத் தன் வாயில் இரண்டொரு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். "எனக்கு அந்த பாஷையில ஒரு வார்த்தை தெரியாது. எங்க அம்மாவுக்கும் தெரியாது. எங்க கிராமத்துல யாருக்குமே தெரியாது. அவங்க எந்த ஊர்லேருந்து வந்தாங்க, அங்க அவங்களுக்குன்னு யாரு இருந்தா, ஒண்ணும் தெரியாது. இந்தக் கண்ணத் தவிர எங்களுக்கு எதுவும் மிச்சமில்ல," என்றார். அம்மா அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, செய்தி வந்த நாளிலிருந்து அழாதவள், அந்தத் தையல் மெஷின் பலகையில் தலையைச் சாய்த்து அழுதாள். டோ மரியாவும் சேர்ந்து அழுதார். வீடு திரும்பும்போது மழையில் இருவரும் நனைந்துவிட்டோம்.

மழை ஓய்ந்து, வழக்கமாக டாக்சி வந்து நிற்கிற சமயத்தில் டாக்சி வந்தது. நான் வாசலுக்கு ஓடினேன். இறங்கியவர் காதர் மாமா. விமான நிலையத்திலிருந்து, மிங்கலாடோனிலிருந்து, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்திருந்தார். கையில் அப்பாவின் தகரப் பெட்டி.

அம்மா பெட்டியைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தாள்.

"நான் கூட இருந்தேன் அக்கா," என்றார் அவர். "கடைசி வரைக்கும் கூட இருந்தேன்."

தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் ஓர் ஆற்று முகம். நம் ஆறு மாதிரியே செம்மண் கலங்கிய தண்ணீர். அந்த நாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அரிசி ஏற்றிப் போன கப்பல், துறையில் இடம் கிடைக்காமல் வெளியே நங்கூரம் போட்டு நின்றது. அப்பாவுக்கு வயிற்றுவலி வந்தபோது சமையல் சூடு என்றுதான் நினைத்தார்கள். வலி பொறுக்காமல் அவர் சுருண்டு விழுந்த பிறகு கரைக்குச் சொல்லி, படகு வந்து, காதர் மாமாவும் கூடப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது குடல்வால் வெடித்து உள்ளே சீழ் பரவிவிட்டிருந்தது. மருந்துக்குத் தட்டுப்பாடான ஆஸ்பத்திரி. அங்கே இருந்த ஒரு கன்னியாஸ்திரிக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்திருந்தது. அவர்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார்.

"நெனவு தெளிஞ்ச ஒரு நேரம் என்னக் கூப்பிட்டாரு அக்கா. 'காதரு, இந்த ஊருப் பேருக்கு என்ன அர்த்தம்னு அந்த சிஸ்டர்கிட்ட கேளு, பாப்பா கேப்பா'ன்னாரு. போய்க் கேட்டேன்."

அம்மா அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கரைன்னு அர்த்தமாம். ஓரம்னும் சொல்லலாமாம். ஆத்தோரம், கடலோரம்னு சொல்றோம்ல, அந்த மாதிரி. வந்து சொன்னேன். 'கரையா'ன்னு கேட்டுட்டுக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் அவரு பேசல."

"மண்ணுலதானே வச்சீங்க?" என்றாள் அம்மா.

"மண்ணுலதான் அக்கா. இந்தக் கையால அள்ளிப் போட்டேன். மணல் கலந்த மண்ணு. உங்க மொறைப்படி சொல்ல எனக்கு ஒண்ணும் தெரியல. எனக்குத் தெரிஞ்ச துஆவத்தான் ஓதினேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"அவருக்குன்னு ஒரு நல்ல வார்த்த போயிருக்கே தம்பி. அது போதும்," என்றாள் அம்மா. பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தாள். காதர் மாமா வேண்டாம் என்றார், கேட்கவில்லை. அவருக்குச் சோறு போட்டு, அவர் சாப்பிட்டு முடிகிறவரை எதிரே நின்று பரிமாறிவிட்டு, உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் நின்று தன் பொட்டைத் தானே அழித்துக்கொண்டாள்.

ஆற்றங்கரையில் காரியம் நடந்தது. உடல் இல்லாததால் தர்ப்பையில் உருவம் செய்து வைத்தார்கள். பெரியப்பா மொட்டையடித்துக்கொண்டு அப்பாவின் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டார். காதர் மாமா சற்றுத் தள்ளித் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். டோ மரியாவும் வந்திருந்தார். அம்மா பெட்டியை அதற்குப் பிறகும் திறக்கவில்லை. அதைக் கட்டிலடியில் தள்ளிவிட்டு, வாசலில் இட்லிக்கடை போட்டு என்னைப் படிக்கவைத்தாள். ஊர்ப்பேர் ஆட்டத்தை எங்கள் வீட்டில் யாரும் மறுபடி ஆடவில்லை.

கைபேசி வந்த காலத்தில், எனக்கே தலை நரைக்கத் தொடங்கிய பிறகு, நான் அந்தப் பேரைத் தேடிப் பார்த்தேன். கன்னியாஸ்திரி சொன்னது சரி, ஆனால் அது பாதிதான். அந்த ஊர் கடலோரத்தில் இருப்பதால் கரை என்று பேர் பெறவில்லை. போர்த்துகல் நாட்டில் பெய்ரா என்று ஒரு மாகாணம். எல்லையோரத்து மாகாணமாக இருந்ததால் அதற்கு அந்தப் பேர் வந்தது என்கிறார்கள். அரச குடும்பத்துப் பிள்ளை ஒருவனுக்கு அந்த மாகாணத்தின் பேரால் ஒரு பட்டம். அந்தப் பட்டத்தைத்தான், கடல் கடந்து ஆப்பிரிக்காவில் ஒரு சதுப்புநிலத்தில் எழுப்பிய ஊருக்கு மரியாதைக்காகச் சூட்டியிருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன்.

"ராசா வீட்டுப் புள்ள பேரு உங்கப்பாவுக்கு எதுக்குடி? கரைன்னே இருந்துட்டுப் போகட்டும்," என்றாள்.

சில வருஷங்களுக்கு முன் அந்த ஊரைப் பெரும்புயல் ஒன்று அடித்தது. அம்மா அப்போது படுக்கையில். டிவியில் பெய்ரா என்று சொன்னதைக் கேட்டு என்னைத் தூக்கி உட்காரவைக்கச் சொன்னாள். அந்த ஊரை நாங்கள் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்: எங்கே பார்த்தாலும் பழுப்புத் தண்ணீர், அதில் கூரைகள், கூரைமேல் ஆட்கள். நம் டெல்டாவை அடித்த புயலை அவள் பார்த்தவள். தண்ணீர் என்ன செய்யும் என்று அவளுக்குச் சொல்லவேண்டியதில்லை. "இடுகாட்டுப் பக்கம் ஏறியிருக்குமா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கடுத்த வருஷம் அம்மா போய்விட்டாள்.

இப்போது தன்லியினுக்குப் பாலம் இருக்கிறது. "சிரியம்" என்று சொல்கிற வாய்களும் குறைந்துவிட்டன. என் மகளுக்குத் தமிழில் சொன்னால் புரியும், பதில் பர்மியத்தில் வரும். பறங்கி என்ற சொல்லே அவள் கேள்விப்பட்டதில்லை. அதை விளக்கப்போய் ஒருநாள் கேமரூனில் ஆரம்பித்து இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். அவள் முடிவுவரை கேட்டுவிட்டு, அந்த இடுகாடு ஊரில் எந்தப் பக்கம் இருக்கிறது, அடையாளம் ஏதாவது உண்டா என்று கேட்டாள். காதர் மாமாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அவர் தொற்றுக் காலத்தில், லத்தாவில் தன் வீட்டு மாடியிலேயே, மகன்கள் ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு ஊரெல்லாம் அலைந்துகொண்டிருந்தபோது இறந்துபோனார். அப்பா கிடக்கிற இடத்தை இன்னதென்று கைகாட்டிச் சொல்ல எங்களில் இனி ஒருவரும் இல்லை.